ஆறினால் சரியாகிவிடும்

கோயமுத்தூர் ஜில்லாவிலேயே எதையும் சரியான அளவில் செய்யாத ஒரே நல்ல மனிதர், எங்கள் பவுண்டரி ஸ்கேல்காரர்தான்.

அவர் வேலை பேட்டர்ன் செய்வது. வேண்டிய சாமானை முதலில் மரத்தில் செதுக்குவார். அதை மண்ணில் பதித்து எடுத்தால் பள்ளம் கிடைக்கும். அந்தப் பள்ளத்தில் உருக்கிய இரும்பை ஊற்றுவார்கள். இரும்பு ஆறும்போது கொஞ்சம் சுருங்கும் என்பதால் மரத்தைக் கொஞ்சம் பெரிதாகவே செதுக்க வேண்டும். அதற்கென்றே அவரிடம் ஒரு ஸ்கேல் இருந்தது. அதில் ஒரு மீட்டர் என்பது ஒரு மீட்டரும் ஒரு சென்டிமீட்டரும்.

அந்த ஸ்கேலை அவர் ஊருக்குள்ளும் எடுத்துப்போனதுதான் வினை. எனக்குப் பெண் பார்த்தபோது என் உயரத்தை அவர்தான் அளந்தார். ஒன்றரை சென்டிமீட்டர் குறைந்துபோய்விட்டது. நாங்கள் அளவு சொல்லி அவர் செய்த கதவு எந்த வாசல் நிலையிலும் நுழையாது. கேட்டால், "ஆறுனா சரியாப் போயிருமுங்க" என்பார்.

என் மகள் இரண்டாம் வகுப்பில் படித்தபோது எனக்குச் சோதனை வந்தது. "எங்கப்பா இரும்புல சாமான் செய்வாரு" என்று வகுப்பு முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள். டீச்சர் என்னை வந்து விளக்கச் சொன்னார். நானோ பவுண்டரி ஆபீஸில் லெட்டர் டைப் அடிப்பவன். ஸ்கேல்காரரைக் கையோடு கூட்டிப்போனேன்.

அவர் டிபன் பாக்ஸில் ஈர மண்ணை இறுக்கி, ஒரு மர மீனை அமுக்கி எடுத்து, பள்ளத்தில் உருகிய மெழுகை ஊற்றினார். ஆறியதும் நடுவில் குழி விழுந்தது.

"ஐயோ, கொறஞ்சுபோச்சு!" என்றான் ஒருவன்.

"சூடா இருக்கறப்ப எல்லாமே பெருசாத்தான் இருக்குமுங்க கண்ணு. ஆறுனா சுருங்கிப்போடும். உங்க டீச்சரையே பாருங்க."

தரையெல்லாம் மண் சிந்தியதில் கொதித்துப்போயிருந்த டீச்சர் உடனே ஆறினார்.

முன்பெஞ்சுக்காரி ஒருத்தி என் மகளைக் காட்டி, "அப்ப இவங்கப்பா என்ன செய்வாரு?" என்றாள். மகள் என்னைப் பார்த்தாள். நான் குனிந்து, சிந்திய மண்ணை அள்ள ஆரம்பித்தேன்.

ஸ்கேல்காரர் முகத்தில் சலனமே இல்லை. "இவரு சொல்லாம அங்க ஒரு சொட்டு இரும்பு ஊத்த மாட்டமுங்க அம்மணி."

வெளியே வந்ததும், "ஏனுங்க, இத்தாம்பெரிய பொய்யா?" என்றேன்.

"நா எப்பவும் கொஞ்சம் பெருசாத்தானுங்க செய்வேன். புள்ள வளர வளர, நீங்க ஆறிச் சுருங்கி சரியான அளவுக்கு வந்துருவீங்க."

மகள் இப்போது காலேஜ் போகிறாள். என் வேலை என்னவென்று அவளுக்கு நன்றாகவே தெரியும். போன வாரம் தோழியிடம் போனில், "எங்கப்பா சொல்லாம அங்க ஒரு சொட்டு இரும்பு ஊத்த மாட்டாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஸ்கேல்காரர் போய்ச் சேர்ந்து மூன்று வருஷமாகிறது. இருந்திருந்தால் அன்றைக்கே போய், "உங்க கணக்கு தப்புங்க, நான் இன்னும் சுருங்கலை" என்று சொல்லி அவர் கையைப் பிடித்துக்கொண்டிருப்பேன்.