லாரி வரிசையில் நாற்பது லிட்டர்

ஒரு கார்த்திகை மாதத் திங்கட்கிழமை காலையில், எங்கள் அடுக்ககத்தில் குடியிருக்கும் அத்தனை குடும்பங்களையும் மீன் குழம்பில் பல் விளக்க வைத்தவன் நான். சைவம், அசைவம், அப்போதுதான் பல் முளைத்த குழந்தை என்று எந்தப் பேதமும் பார்க்கவில்லை. சபரிமலைக்கு மாலை போட்டிருந்த எங்கள் சங்கச் செயலாளர், விடியற்காலையில் சரணம் சொல்லிக்கொண்டே தலையில் ஊற்றிக்கொண்டதும் அதைத்தான். இதை மறைத்துவிட்டு எழுதலாம் என்று இரண்டு முறை முயன்று பார்த்தேன். சல்லடையைப் பற்றி அப்படி எழுத முடியவில்லை.

அழுக்குத் தண்ணீருக்கு மரியாதை கொடுத்த மனிதர் பூமியில் ஒரே ஒருவர்தான் பிறந்திருக்கிறார். அவரும் திருமுல்லைவாயிலில், எங்கள் கட்டடத்தின் தரைத் தளத்தில், எனக்கு நேர் கீழே குடியிருக்கிறார். பெற்றோர் வைத்த பெயர் அவருடைய மின்சார அட்டையில் இருக்கலாம். எங்களுக்கு அவர் சல்லடை.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஏதோ ஒரு பட்டறையில் உழைத்து ஓய்வு பெற்றவர். தனி ஆள். பழைய பள்ளிக்கூட வேன் ஒன்றை வாங்கி, சீட்டுகளைக் கழற்றிப் போட்டுவிட்டு, கட்டில், அடுப்பு, பாத்திரம் கழுவ ஒரு தொட்டி, ஒரு ஆள் நின்று குளிக்க ஒரு மூலை எல்லாம் அவரே வைத்தார். சென்னையில் கேரவன் என்றால் சினிமா நட்சத்திரம் என்று அர்த்தம். வண்டி முதன்முதலில் வாசலில் வந்து நின்றபோது, இறங்கப் போவது யார் என்று பார்க்கத் தெருவே கூடியது. கதவைத் திறந்துகொண்டு லுங்கியோடு சல்லடை இறங்கினார். தெரு கலைந்தது.

வண்டியின் வயிற்றுக்கு அடியில் ஒரு டேங்க். கழுவுகிற தண்ணீர், குளிக்கிற தண்ணீர் எல்லாம் அதில் சேரும். வேறு யாராக இருந்தாலும், போகிற வழியில் ஒரு புளியமரத்தடியில் குழாயைத் திறந்துவிட்டு, மரத்துக்கு உபகாரம் செய்த திருப்தியோடு வண்டியைக் கிளப்பியிருப்பார்கள். சல்லடை திறக்க மாட்டார். ஏலகிரியில் குளித்த தண்ணீரை மலையிறக்கி, சுங்கச்சாவடியெல்லாம் தாண்டி, பத்திரமாக ஊருக்குக் கொண்டுவருவார்.

"மலைக்குப் போறவங்க பலாப்பழம் கொண்டாருவாங்க. நீங்க அழுக்கைக் கொண்டாறீங்களே சார்" என்றேன் ஒருநாள்.

"அது என் அழுக்கு சார். அங்க இருக்கறவங்களுக்கு அவங்களுதே போதுமான அளவு இருக்கும்ல."

அவரோடு ஒருமுறை போனேன். தட்டைக் கழுவுமுன் பழைய செய்தித்தாளால் துடைக்க வேண்டும். தொட்டியின் ஓட்டையில் ஒரு சல்லடை, அதற்கு மேல் மடித்த வேட்டித் துணி. ஒரு பருக்கை உள்ளே போகக் கூடாது. சோப்பைக் கண்ணுக்கு மருந்து விடுவதுபோலச் சொட்டுச் சொட்டாக விடுவார். நான் சாப்பிட்ட தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "இன்னொரு தரம் துடைங்க, குழம்பு தெரியுது" என்றார். அன்று மீன் குழம்பு வைத்தது நான். என் மீன் குழம்பைத் துடைத்தெறியச் சொன்ன முதல் மனிதர் அவர்.

சரி, கொண்டுவந்த தண்ணீரை எங்கே விடுவது? எங்கள் தெருவுக்குப் பாதாளச் சாக்கடை இன்னும் வந்து சேரவில்லை, செப்டிக் டேங்க்தான். வேன் தண்ணீரை அதில் விட்டால் சீக்கிரம் நிரம்பிவிடும் என்று சங்கம் தீர்மானம் போட்டிருந்தது. தெருவோர மழைநீர் வடிகாலில் விட்டால் ஏரிக்குப் போகும். அது சட்டப்படி குற்றம், சல்லடைப்படி பாவம். கடைசியில், செப்டிக் டேங்க் லாரிகள் கொண்டுவந்து இறக்குகிற சுத்திகரிப்பு நிலையத்துக்கே போய் அனுமதி கேட்டார். அங்கிருந்த அதிகாரி, "தினம் எத்தனை லோடு?" என்று கேட்டாராம்.

"லோடு இல்லீங்க. வாரத்துக்கு நாற்பது லிட்டர்."

அதிகாரி மின்விசிறியைக் கூட்டி வைத்தாராம். அனுமதி கிடைத்தது.

அந்த வரிசையை நான் பார்த்திருக்கிறேன். யானை யானையாக லாரிகள். நடுவில் ஜன்னலில் திரைச்சீலை போட்ட இந்த வேன். முன்னால் நின்ற லாரிக்காரர் இறங்கி வந்தார்.

"இன்னா நைனா, வயி மாறி வந்துட்டியா? இது நாத்தம் எறக்கற எடம்."

"நானும் எறக்கத்தாம்ப்பா வந்தேன்."

"எவ்ளோ?"

"நாற்பது லிட்டர்."

லாரிக்காரர் தன் வண்டியைத் திரும்பிப் பார்த்தார். "நாப்பது லிட்டரு நம்ம வண்டில வர்ற வயியிலயே ஒயுகிடும் நைனா."

"அதையும் அடைக்கணும்ப்பா" என்றார் சல்லடை. சொன்னதோடு விடாமல், அடுத்த வாரம் ரப்பர் வாஷரும் ஸ்பேனருமாகப் போய், லாரிக்கு அடியில் படுத்து அந்த ஒழுகலை நிறுத்தினார். அன்றிலிருந்து வேனைக் கண்டால் வரிசையே ஒதுங்கி, "மொதல்ல நைனா போவட்டும்" என்று வழி விட்டது. சல்லடை போக மாட்டார். "வரிசை வரிசைதான்" என்று கடைசியில் போய் நிற்பார்.

இப்படிப்பட்டவரிடம்தான் என் மைத்துனன் குடும்பத்தோடு பழவேற்காடு போக வேனைக் கடன் கேட்டேன். சாவியைக் கொடுத்தார். "தண்ணிய மட்டும் அங்க கொண்டுபோய் எறக்கிடுங்க சார். வரிசையில நின்னாப் போதும்."

பழவேற்காட்டில் மீன் வாங்கி, வேனிலேயே நான் குழம்பு வைத்தேன். மீன் குழம்பில் என் கை தனிக் கை என்று நான் நம்பிவந்த காலம் அது. குழம்பு ஏனோ நிறைய மிஞ்சியது. சட்டியோடு தொட்டியில் கவிழ்த்தேன். வேட்டித் துணி அடைத்துக்கொண்டது, எடுத்து எறிந்தேன். குழந்தைகள் ஷாம்பு போட்டுக் குளித்தார்கள். டேங்க் விளிம்பு வரை நிரம்பிவிட்டது.

திரும்பும்போது சுத்திகரிப்பு நிலையம் வரைக்கும் போகத்தான் போனேன். லாரி வரிசை தெரிந்தது. பக்கத்தில் இருந்த மைத்துனன் மூக்கைப் பொத்திக்கொண்டு, "மாமா, நாம இதுக்குப் பின்னாடியா நிக்கப் போறோம்?" என்றான். மச்சினன் முன்னால் மானம் பெரிது. வண்டியைத் திருப்பினேன்.

சங்கத் தீர்மானத்தை மீறி, எங்கள் செப்டிக் டேங்கிலேயே விட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். இருட்டத் தொடங்கியிருந்தது. எங்கள் கட்டடம் ஒரு காலத்தில் வயல். நிலத்தை விற்ற குடும்பம் கிணற்றைத் தூர்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டதால், பில்டர் அதன்மேல் தளம் போட்டு ஒரு சிமென்ட் மூடி வைத்திருந்தார். கார் நிறுத்துமிடத்தின் ஒரு கோடியில் கிணற்று மூடி, மறு கோடியில் செப்டிக் டேங்க் மூடி. இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை. நான் ஒன்றைத் திறந்து குழாயை உள்ளே விட்டேன். துளிக்கூட நாற்றமில்லை. நம் செப்டிக் டேங்க் எவ்வளவு நல்ல டேங்க் என்று பெருமையாகக்கூட இருந்தது.

"எறக்கிட்டீங்களா?" என்று கேட்டார் சல்லடை, சாவியை வாங்கிக்கொண்டு.

"எறக்கிட்டேன் சார்."

அந்த வருஷம் மழை ஏமாற்றியிருந்தது. கிணற்றில் முழங்கால் அளவுதான் தண்ணீர். அதைத்தான் மோட்டார் மேலே ஏற்றியது. காலையில் நடந்ததை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

அன்று சாயங்காலமே கார் நிறுத்துமிடத்தில் கூட்டம். கட்டடத்தில் அழுக்குத் தண்ணீர் சேர்த்து வைப்பவர் ஒருவர்தானே? எல்லோரும் சல்லடையைப் பார்த்தார்கள். செயலாளர் கறுப்பு வேட்டியில், மூன்று முறை குளித்த ஈரத் தலையோடு எழுந்தார்.

"விரதத்துல இருக்கேன் சாமி, கோவப்படக் கூடாது. அதனால நான் கோவமா இல்ல. ஞாயித்துக்கெழமைக்குள்ள வேன் இங்கேர்ந்து போயிடணும் சாமி."

வேனை நிறுத்த அவருக்கு வேறு இடம் கிடையாது. விற்க வேண்டியதுதான். "வண்டி நின்னுட்டா நானும் நின்னுடுவேன் சார்" என்று அவர் ஒருமுறை என்னிடம் சொன்னது காதில் ஒலித்தது. வாயைத் திறக்க நல்ல சந்தர்ப்பம். நான் என் செருப்பு வாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அது தேய்ந்திருந்தது.

"வண்டி என்னுது. தண்ணியும் என்னுது" என்றார் சல்லடை. "கிணத்தை எறச்சுச் சுத்தம் பண்ணிக் குடுத்துட்டுத்தான் எடுப்பேன்." என் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

மறுநாள் மோட்டாரைப் போட்டு, இறைக்கிற தண்ணீரைத் தெரு வடிகாலில் விடச் சொன்னார் செயலாளர். சல்லடை மறுத்துவிட்டார். "அது ஏரிக்குப் போவுது சாமி." வேன் பறிபோகும் நிலையிலும் ஏரியைப் பற்றிக் கவலைப்படுகிற மனிதரை என்ன செய்வது? அவர் கூப்பிட, அந்த லாரிக்காரர் வந்து சேர்ந்தார். குழாயைக் கிணற்றில் இறக்கியவர், கூட்டத்தின் பின்வரிசையில் ஒளிந்திருந்த என்னைக் கண்டுபிடித்துச் சிரித்தார்.

"இன்னா சார், ஞாயித்துக்கெயம நைனா வேன்ல வந்துகினு, எங்க லைனப் பாத்துட்டு அப்டியே ரிவர்ஸ் எட்த்துகினு போனியே. அவசரமா?"

ஊரே திரும்பிப் பார்த்தது. மானத்தைக் காப்பாற்ற வண்டியைத் திருப்பினவனுக்குக் கிடைத்த மானம் அவ்வளவுதான். மூடி தொடங்கி மூக்கைப் பொத்திய மைத்துனன் வரை எல்லாவற்றையும் ஒப்பித்தேன். ஏதோ துயரப் பேருரை ஆற்றுவதாக எனக்கு ஒரு நினைப்பு. செயலாளர் கண்ணை மூடிக்கொண்டார். "கோவம் வரக் கூடாது, கோவம் வரக் கூடாது" என்று முணுமுணுத்துவிட்டு, தீர்ப்புச் சொன்னார்: வேன் இருக்கலாம். இனிமேல் அதன் தண்ணீரைக் கொண்டுபோய் இறக்குவது என் பொறுப்பு.

சல்லடை என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "வேட்டித் துணி எங்க சார்?"

இப்போது ஞாயிறுதோறும் நான் வேன் ஓட்டுகிறேன். அவர் பக்கத்தில் பிளாஸ்க்கோடு உட்கார்ந்திருப்பார். லாரிக்காரர்கள் இன்றும் வழி விடுகிறார்கள். நாங்கள் இன்றும் போவதில்லை. போன வாரம் வரிசை வெகுநேரம் நகரவே இல்லை. நகராமலே இருந்தால்கூடப் பரவாயில்லை என்று எனக்குத் தோன்றியது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம், "அன்னிக்கு நான் மட்டும் ஒத்துக்கலைன்னா, அது என் வேலைன்னு அவருக்குக் கடைசி வரைக்கும் தெரிஞ்சிருக்காது" என்றேன்.

பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "அவருக்கு அந்தத் திங்கட்கெழமை காலையிலேயே தெரியும். படிக்கட்டுல என்னைப் பாத்தாரு. 'அவரா சொல்லுவாரு, நீ கேக்காதம்மா'ன்னாரு."

"எப்படிக் கண்டுபிடிச்சாராம்?"

"பல் வெளக்கினாராம். உங்க கொழம்புல எப்பவும் புளி தூக்கலாமே."