நான்கு மாடிக் கண்வலியும் அப்பாவின் சலூனும்

அன்பும் மரியாதையும் நிறைந்த மாமாவுக்கு,

மருமகள் வணங்கி எழுதுவது. நடந்ததை நடந்தபடியே, ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் எழுதப் போகிறேன். அப்படி முடிவு செய்ததால் 'இங்கு அனைவரும் நலம்' என்ற முதல் வரியிலேயே சிக்கல் வந்துவிட்டது. எங்கள் வீட்டில் உள்ள ஆறு கண்களில் நான்கு நலம். மீதி இரண்டும் அம்மாவுடையவை. பழுத்த தக்காளி போல இருக்கின்றன. அங்கு உங்கள் கண்களும் அத்தையின் கண்களும் எப்படி இருக்கின்றன என்று அறிய ஆவல்.

சுகாதார அலுவலகத்தில் உட்கார்ந்து எந்தத் தெருவில் எத்தனை பேருக்குக் காய்ச்சல் என்று நீங்கள் கோடு வரைவதை அப்பா ஒரு வேலையாகவே மதித்ததில்லை. "ஒருத்தன் தும்மினா மருந்து குடுக்கணும். உங்க மாமன் அதுக்குப் படம் வரையிறான். தும்மல் கணக்குப்பிள்ளை!" என்பார். இதை மறைக்காமல் எழுதுவதற்குக் காரணம் உண்டு. அப்பாவின் சலூனை இப்போது காப்பாற்றியிருப்பது அப்படி ஒரு படம்தான்.

எங்கள் கட்டடத்தில் கண்வலி புகுந்தது. முதலில் குடியிருப்போர் சங்கச் செயலாளருக்கு வந்தது, பிறகு அவர் மனைவிக்கு, பிறகு மாடிக்கு மாடி. எல்லோரும் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு திரிந்ததால் லிஃப்டுக்குள் துப்பறியும் இலாகாவே இறங்கி வருவதுபோல் இருந்தது. செயலாளர் ஒருநாள் பூந்தொட்டியைப் பார்த்து "பராமரிப்புத் தொகை இன்னும் வரலையே" என்று வெகுநேரம் கண்டித்தார். தொட்டி பதில் பேசாததால் கோபம் வேறு. அந்தக் கோபம் ஆறுவதற்குள் பக்கத்தில், கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்த எங்கள் சலூன் அவர் கண்ணில் பட்டுவிட்டது.

"இங்கேருந்துதான் பரவுது. ஒரே துண்டு ஊர் மூஞ்சியெல்லாம் சுத்துது" என்றார்.

"என் துண்டு ஒவ்வொண்ணும் கொதிக்கிற தண்ணியில முங்கி எந்திரிக்குது சார். உங்க மூஞ்சி அப்படி எந்திரிக்குமா?" என்று அப்பா கேட்டார். அம்மா பின்னாலிருந்து அப்பாவின் சட்டையை இழுத்தார்.

"அப்போ உங்களுக்கு மட்டும் ஏன் வரலை?"

நன்றாக இருப்பதும் ஒரு குற்றமாகும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் கடையைக் காலி செய்யச் சொல்லித் தீர்மானம் போடுவது என்று செயலாளர் அறிவித்துவிட்டார். அன்றிலிருந்து ஒரு தலைகூட உள்ளே வரவில்லை. அப்பா சுழல் நாற்காலியில் தானே உட்கார்ந்து தன்னையே சுற்றிவிட்டுக்கொண்டிருந்தார். அவர் கேலி பேசுவதையும் நிறுத்திவிட்டதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

உடனே பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கம் எங்கள் கட்டடத்தை வரைந்தேன். வீட்டுக்கு ஒரு கட்டம், ஆளுக்கு ஒரு வட்டம், கண்வலி வந்தவருக்குச் சிவப்புப் பென்சில். பிறகு லிஃப்ட் வாசலில் நின்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் வயது, கண்வலி வந்த நாள், கடைசியாக முடிவெட்டிய நாள் மூன்றையும் கேட்டேன். "நீ என்ன பெரிய டாக்டரா?" என்றார் செயலாளரின் மனைவி. "இல்லை ஆன்ட்டி, டாக்டர் ஒவ்வொருத்தரா பார்ப்பார். நான் எல்லாரையும் சேர்த்துப் பார்க்கிறேன்" என்றேன். "அப்படிப் பார்க்காதேடி, பார்த்தாலே ஒட்டிக்கும்" என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஓடினார்.

சிவப்பு ஏற ஏற எனக்குக் குஷி ஏறியது (இது தவறுதான், ஆனால் உண்மை). மூன்றாம் மாடிக் கல்லூரி அண்ணன்கள் வாரம் தவறாமல் கடைக்கு வந்து தலையில் தோட்டவேலை செய்துகொள்கிறவர்கள். அவர்களில் ஒருவருக்கும் வரவில்லை. இரண்டாம் மாடி வக்கீலுக்கோ தலை முழு வழுக்கை, தாடியும் முழங்கை நீளம். "நான் உங்க கடைக்கு வந்து எதைம்மா வெட்டிக்கிறது?" என்று வருத்தமாகக் கேட்டார். அவருக்கு இரண்டு கண்ணும் சிவப்பு. கடைக்குள் காலே வைக்காத பெண்களுக்கும் வந்திருக்கிறது. அப்படியானால் சலூன் இல்லை! சிவப்பு வட்டக்காரர்கள் எல்லோருக்கும் வயது நாற்பதுக்கு மேல். நாற்பது தாண்டியவர்களுக்கு மட்டும் வரும் ஒரு புதுக் கண்வலியைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்து, அதற்கு என் பெயரையே வைக்கலாமா என்றுகூட யோசித்தேன்.

அதைக் கெடுத்தவர் நான்காம் மாடி நடன டீச்சர். கண் சிவப்பு, வயது முப்பத்திரண்டு என்றார். என் கண்டுபிடிப்பு பொத்தென்று விழுந்தது. சோர்ந்துபோய், "நான் எழுதினது சரியான்னு படிச்சுப் பாருங்க டீச்சர்" என்று தாளைக் கொடுத்தேன். அவர் தாளைத் தள்ளிப் பிடித்தார். இன்னும் தள்ளிப் பிடித்தார். கை போதாமல் தாளை என்னிடமே கொடுத்து, "நீ புடி" என்று பின்னால் நடந்து, சுவரில் முட்டி நின்று, "ம், முப்பத்திரண்டு, சரிதான்" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கண்வலிக்கு வயது முக்கியமில்லை மாமா. கிட்டத்தில் வைத்துப் படிக்க முடியாதவர்களுக்குத்தான் வந்திருக்கிறது!

படிகளில் ஓடி இறங்கி அறிவிப்புப் பலகை முன்னால் நின்றேன். செயலாளர் தாளைச் சிக்கனம் செய்வதற்காக எறும்பு ஊர்வதுபோல எழுதுவார். அதை யாராலும் படிக்க முடிவதில்லை என்பதால், பொதுநலம் கருதி, தன் பழைய மூக்குக்கண்ணாடியைக் கயிறு கட்டிப் பக்கத்து ஆணியில் மாட்டியிருக்கிறார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வக்கீல் வந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார், கண்ணைத் துடைத்தார், ஆணியில் இருந்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார்: "கண்நோய் பரவுகிறது. ஒருவர் தொட்ட பொருளை மற்றவர் தொடாதீர்." "ரொம்பச் சரி" என்று சொல்லிக் கண்ணாடியைத் திரும்ப மாட்டிவிட்டுப் போனார். அடுத்து அவர் மனைவி வந்து அதையே மாட்டினார். கண்வலி பெருகப் பெருக எச்சரிக்கைகள் பெருகின. எச்சரிக்கைகள் பெருகப் பெருகக் கண்வலி பெருகியது. அப்பாவுக்கு ஏன் வரவில்லை என்பதும் விளங்கியது. "அந்தாளு எழுதுறதைப் படிக்கிற நேரத்துல முடியையாவது கூட்டலாம்" என்று அவர் பலகைப் பக்கமே திரும்பமாட்டார். அம்மாவோ பொட்டலம் கட்டிவந்த தாளைக்கூட விடாமல் படிக்கிறவர்.

அறிவிப்புப் பலகைக்கு முன்னாலேயே நடந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் என் படத்தை விரித்தேன். "என்ன இது, கட்டடத்துக்கு அம்மை போட்டிருக்கா?" என்றார் செயலாளர். நான் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். "எங்கே, எழுத்து பொடியா இருக்கே, படிச்சுப் பார்க்கிறேன்" என்று அவர் எழுந்து ஆணியை நோக்கிக் கை நீட்டினார். "தொடாதீங்க!" என்று கட்டடமே அலறியது. அவர் கை அந்தரத்தில் நின்றது. தீர்மானமும் அப்படியே நின்றுவிட்டது. கடை தப்பியது. வக்கீல் ஒரு குச்சியால் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டுபோய் அப்புறப்படுத்தினார். இப்போது அறிவிப்புகளைச் செயலாளர் பூசணிக்காய் அளவு எழுத்தில் எழுதுகிறார். 'அனைவருக்கும்' என்று எழுதி முடிப்பதற்குள் பலகை முடிந்துவிடுகிறது.

மாமா, ஒருவர் கண்ணைப் பார்த்தால் அது அவருடைய கண்வலி. எல்லார் கண்ணையும் ஒரே தாளில் பார்த்தால்தான் அது எந்த வழியாக வருகிறது என்று தெரிகிறது. நோய் போகும் வழி தெரியாவிட்டால் பழி கிட்டத்தில் இருப்பவர் தலையில் ஏறிவிடுகிறது. ஊர் முழுவதற்கும் நீங்கள் வரையும் கோடுகள் எத்தனை அப்பாக்களின் கடைகளைக் காப்பாற்றியிருக்கும்! அதனால் எங்கள் பேச்சைக் கேட்டு வேலையை விட்டுவிடாதீர்கள். அப்பாவும் இன்று "மச்சானைக் கேட்டதாச் சொல்லும்மா" என்றார். பட்டப்பெயர் சொல்லவில்லை. அம்மாவின் அன்பு. அத்தைக்கு வணக்கம். சின்னவர்களுக்கு, கைகழுவிய பிறகு கொடுத்ததாக நினைத்து, என் முத்தங்கள். எல்லோரும் வெள்ளை விழியோடு நீடூழி வாழ வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மருமகள்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் மூன்றாம் மாடி அண்ணன்கள் மூவரும் கறுப்புக் கண்ணாடியோடு படியிறங்கிப் போவதைப் பார்த்தேன். அவர்கள் எந்த அறிவிப்பையும் எந்தக் கண்ணாடியாலும் படித்ததில்லை. தீர்மானம் நின்ற சந்தோஷத்தில் கடையில் இப்போது கூட்டம் தாங்கவில்லை, அவர்களும் வந்து போனார்கள். "அப்பா, துண்டையெல்லாம் கொதிக்க வெச்சீங்களா?" என்று கேட்டேன். "என் துண்டு மேல தப்பே இல்லைன்னு நீதானேம்மா கூட்டத்துல படம் போட்டுக் காட்டினே? அப்புறம் எதுக்கு வீணா அடுப்பு எரிக்கணும்?" என்றார். நான் சிவப்புப் பென்சிலை எடுத்தேன். "நேரமாச்சு, படு" என்றார். "மூணு வட்டம்தான் அப்பா, தீட்டிட்டுப் படுக்கிறேன்" என்றேன். அப்பா விளக்கை அணைத்துவிட்டார்.