நீல நாடா கட்டிய கோழி

ஆராய்ச்சி நிதிக்கு உண்மையை மட்டுமே எழுதி விண்ணப்பம் போட்ட மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். நம்பாதவர்கள் என்னிடம் வரலாம். அவருடைய விண்ணப்பங்கள் அத்தனையையும் டைப் அடித்தவன் நான்.

மதுரையில் ஒரு கால்நடை ஆராய்ச்சி மையத்தில் எனக்கு வேலை. அங்கே கோழி நோய்ப் பிரிவுக்கு அவர் பேராசிரியர். கோழிகளைக் கூட்டம் கூட்டமாகச் சாகடிக்கும் வெள்ளைக்கழிச்சலைத் தவிர வேறு எதைப் பற்றியும் பேச மாட்டார் என்பதால் ‘கழிச்சல் சார்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. அதில் அவருக்கு வருத்தமே கிடையாது. பசுமலையில் ஒரு கல்யாணப் பந்தியில் நான் அவசரப்பட்டு, “கழிச்சல் சார், இங்க வாங்க, எடம் இருக்கு!” என்று கத்திவிட்டேன். பாயசம் குடித்துக்கொண்டிருந்த வரிசை மொத்தமும் டம்ளரைக் கீழே வைத்தது. அவர் மட்டும் சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்து, பக்கத்து இலைக்காரருக்கு அந்த நோயின் நிறத்தை விளக்க ஆரம்பித்தார்.

ஆண்டுதோறும் நிதி கேட்பார். ஆண்டுதோறும் இல்லை என்று பதில் வரும். வராமல் என்ன செய்யும்? ‘இந்த ஆய்வினால் விளையும் பயன் என்ன?’ என்று படிவம் கேட்கும். மற்றவர்கள் அந்த இடத்தில் நாட்டையே தூக்கி நிறுத்துவார்கள். இவர், ‘பயன் உண்டா இல்லையா என்று பார்ப்பதற்கே ஆய்வு’ என்று அடிக்கச் சொல்வார். ‘தேவைப்படும் கருவிகள்’ என்ற இடத்தில் மற்றவர்கள் வாயில் நுழையாத பெயருள்ள இயந்திரங்களைக் கேட்பார்கள். இவர் கேட்டது ஐஸ் பெட்டி இரண்டு, கலர் நாடா ஒரு கட்டு.

“கொஞ்சம் ஏத்திச் சொன்னா என்ன சார்?” என்றேன் ஒருமுறை.

“வேணாம் தம்பி. கோழிக்குத் தெரிஞ்சிரும்.”

ஆனால் அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. தடுப்பூசி மருந்து நூறு கோழிக்கான பாட்டிலாக வருகிறது. கரைத்துவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். வீட்டுக்கு ஐந்து கோழி வளர்க்கிற அம்மாவுக்காக யார் ஒரு பாட்டிலை உடைப்பார்கள்? யாரும் உடைப்பதில்லை. கோடை வந்தால் கோழிகள் கழுத்து திருகிச் சாகும். ஒரே நாள் காலையில், கூட்டைத் திறப்பதற்கு முன்பே தெருவோடு சேர்த்து ஊசி போட்டால் என்ன என்பது அவர் கேள்வி. அவ்வளவுதான். இந்தச் சின்னக் கேள்விக்கு நிதி வாங்க அவர் தலைகீழாக நின்றுகொண்டிருந்தார்.

அந்த ஆண்டு கடைசி வாய்ப்பு. ஆய்வை நடத்துகிறவருக்கு ஓய்வுபெற இன்னும் மூன்று வருடமாவது இருக்க வேண்டும் என்று விதி. அடுத்த ஆண்டு அவருடைய பிறந்த தேதியை அடித்தாலே இணையதளம் வெளியே தள்ளிவிடும். அதனால் கையோடு ஒரு முன்னோட்டம் செய்து, அதன் முடிவையும் விண்ணப்பத்தில் சேர்த்துவிடலாம் என்று முடிவு செய்தார். விளாங்குடி தாண்டி ஒரு ஊரைத் தேர்ந்தெடுத்தார். அது என் மாமியார் ஊர். சிபாரிசு செய்தவனும் நானே.

ஒவ்வொரு வீட்டிலும் பாதிக் கோழிக்கு ஊசி போட்டு, காலில் நம்பர் எழுதிய சிவப்பு நாடா கட்டினார். மீதிப் பாதி ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. அவற்றுக்கு ஊசி கிடையாது, நம்பர் எழுதிய நீல நாடா மட்டும்.

நாலு மாதம் கழித்துப் போய் எண்ணினால், சிவப்பு நாடாக் கோழிகள் ஏறக்குறைய அத்தனையும் கொழுத்துத் திரிகின்றன. நீல நாடாவில் மிஞ்சியது நாலே நாலு. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

“சார், சந்தேகமே இல்ல! இம்புட்டு நல்ல ரிசல்ட்டு யாருக்கு வந்துருக்கு? அப்படியே அனுப்பிருவோம்.”

அவருக்கு முகம் மலரவில்லை. “கோடையே இன்னும் வரலையே தம்பி. அதுக்குள்ள எப்படிச் சாகும்?” என்று சொல்லிவிட்டு வீடு வீடாக விசாரிக்கக் கிளம்பினார். முதல் வீடு என் மாமியார் வீடு.

“நோயா? அதெல்லாம் ஒண்ணுமில்ல டாக்டரே. ஆடிக்கு மக வந்தா, மாப்ள வந்தாரு. ஊசி போட்ட கோழிய மாப்ளைக்கு ஆக்கிப் போட முடியுமா? மருந்து வாட அடிக்கும்ல! அதான் நீலத்துல கை வச்சேன்” என்றார் என் மாமியார், ஏதோ விருது வாங்குகிறவர் போல.

தெரு முழுக்க இதே கதை. ஊருக்குள் வந்த எல்லா மாப்பிள்ளைகளுமாகச் சேர்ந்து விஞ்ஞானத்தைக் குழம்பு வைத்துச் சாப்பிட்டு முடித்திருந்தோம்.

மறுநாள் விண்ணப்பத்துக்கு உட்கார்ந்தோம். நான் கெஞ்சினேன். “சார், யாரு வந்து பாக்கப் போறா? இதான் கடைசி வருசம். காரணத்த எழுதாம விட்டுருங்க.”

“விட்டா நோயில செத்துச்சுன்னு ஆயிரும். அதை நம்பி நாளைக்கு ஒரு அம்மா ஊசி போடுவாங்க. அப்புறமும் கோழி செத்தா யாரப் போயிக் கேப்பாங்க? அடிங்க தம்பி. அஞ்சாம் நம்பர், காதுகுத்து. ஒம்பது, நாய். பன்னெண்டு, மாப்பிள்ளை வருகை...”

அடித்துக்கொண்டே வந்தேன். பதினேழில் விரல் நின்றுவிட்டது. பதினேழும் இருபத்து மூன்றும் என் இலையில் விழுந்தவை.

“சார், அது வந்து...”

“தெரியும். உங்க மாமியாரு சொல்லிட்டாங்க. நல்லா இருந்துச்சா?”

“இருந்துச்சு சார்.”

“அப்பச் சரி. ‘உண்ணப்படும் வரை ஆரோக்கியமாக இருந்தது’ன்னு அடிங்க. அதுவும் தகவல்தான.”

கோபித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சொன்னபடியே அடித்தேன்.

நேர்காணல் வீடியோவில் நடந்தது. நான் கேமராவுக்குப் பின்னால் நின்றேன். நிபுணர் குழுத் தலைவரான ஒரு அம்மையார் காரணப் பட்டியலை மூக்குக் கண்ணாடி வழியாக வாசித்தார். காதுகுத்தில் உதட்டைக் கடித்தார். மாப்பிள்ளை வருகை மூன்றாவது முறை வந்தபோது சிரிப்பை அடக்க முடியாமல் திரையை அணைத்துவிட்டார். திரும்பி வந்து, “இதை எழுதாமல் விட்டிருந்தால் உங்கள் முடிவு பிரமாதமாக இருந்திருக்குமே, டாக்டர்?” என்று கேட்டார்.

“ஆமாங்க மேடம். அதான் பயமா இருந்துச்சு” என்றார் கழிச்சல் சார்.

ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. நிதி கிடைத்துவிட்டது! ஆய்வுக் காலமான இரண்டு ஆண்டுகளும் நீல நாடாக் கோழிகளை யாரும் சமைத்து உண்ணக் கூடாது என்பது நிபந்தனை. ஆய்வு முடிந்ததும் அவற்றுக்கும் ஊசி போட்டுவிட வேண்டுமாம்.

அந்தக் கடிதத்தை அவர் அதே ஊர்த் தெருவில் நின்று சத்தமாக வாசித்தார். பெண்கள் தலையாட்டினார்கள். என் மாமியாருக்கு மட்டும் கவலை.

“ஊசி போட்டதும் ஆகாது, போடாததும் கூடாது. அப்ப எங்க மாப்ளைக்கு என்னதான் ஆக்குறது டாக்டரே?”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான்தான் சொன்னேன்: “கத்திரிக்கா புளிக்கொழம்பு வைங்கத்தை.”

கத்திரிக்காய் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. இரண்டு வருடம் அந்த வீட்டில் அதைத்தான் சாப்பிட்டேன். வேறு எந்த மனிதருக்காகவும் நான் இதைச் செய்திருக்க மாட்டேன்.