பேரரசர் முகமும் மூலைச் சாடியும்

"நீங்க இப்படிப் பார்த்துக்கிட்டே இருந்தா எனக்கு எப்படிங்க வரும்?"

சுமைகூலி உர்சோ இதைச் சொன்னது தன் கையிலிருந்த வெள்ளிக் காசிடம். ரோமானியத் துறைமுகமான புத்தெயோலியில், நாங்கள் வேலை பார்க்கும் விபியாவின் சலவைச் சாலை வாசல் மூலையிலுள்ள சிறுநீர்ச் சாடியின் முன் நின்றுகொண்டிருந்தான். பை இல்லாததால் கூலியைக் கையிலேயே பிடித்திருந்தான். காசில் பேரரசரின் முகம்.

அந்த வழியாகப் போன சந்தை அதிகாரி கொசீனியுஸின் காதில் அது விழுந்தது. நகரத் தலைவர் பதவிக்குத் தேர்தலில் நிற்கிறவர். பேரரசர்மீது தனக்குள்ள பக்தியை எப்படிக் காட்டுவது என்று வெகுநாளாக யோசித்துக்கொண்டிருந்தவர். ஒரு கூலிக்காரனுக்கு இருக்கிற பக்தி நமக்கு இல்லாமல் போயிற்றே என்று அவர் கண்கலங்கியதாக உடன் போனவர்கள் சொன்னார்கள்.

மறுநாள் காலை சந்தையில் அறிவித்தார்கள்:

"இதனால் சகலருக்கும் தெரிவிப்பது யாதெனில், மாட்சிமை தங்கிய பேரரசரின் திருமுகம் பொறித்த நாணயத்தை இடுப்பிலோ கையிலோ வைத்துக்கொண்டு எவரும் பொதுச் சாடியை அணுகலாகாது. திருமுகத்தை அனாதையாகத் தெருவில் கழற்றி வைப்பதும் குற்றம். பிறரிடம் ஒப்படைத்துவிட்டுப் போகலாம். அவர் திருப்பித் தருவதற்கு நிர்வாகம் பொறுப்பல்ல."

எங்கள் சாடியருகே சபியோ என்ற காவலனை நிறுத்தினார்கள். அவன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "பையில முகம் உண்டா?" இல்லை என்பவர் போகலாம்.

சலவைச் சாலையில் யாருக்கும் முதலில் இது பெரிய விஷயமாகப் படவில்லை. துறைமுகத்தில் காசுள்ளவர்கள் எத்தனை பேர்? அவர்கள் வீட்டுக்குப் போய்க்கொள்வார்கள். மற்றவர்கள் வந்தாலே எங்கள் தொட்டி நிறைந்துவிடும். துணி வெளுக்க எங்களுக்குச் சிறுநீரை விட்டால் வேறு சரக்கு கிடையாது. தேர்தலில் நிற்கிற அத்தனை பேருடைய அங்கியும் விபியாவிடம்தான் வந்திருந்தது. பளிச்சென்று வெளுக்காத அங்கியோடு இந்த ஊரில் ஓட்டுக் கேட்க முடியாது. காலத்தில் வெளுத்துக் கொடுக்காவிட்டால் அவள் தொட்டிகளை விற்றுவிட்டு ஊரைவிட்டே கிளம்ப வேண்டியதுதான்.

ஆனால் சாடி காய்ந்து கிடந்தது.

ஆட்கள் வராமல் இல்லை. சாடி வரைக்கும் வந்தார்கள். சபியோ கேட்டதும் சுற்றுமுற்றும் பார்த்தார்கள். பிறகு இடுப்பைத் தட்டி, "உண்டுப்பா, உண்டு. என்ன செய்யறது" என்று பெருமூச்சு விட்டுத் திரும்பினார்கள். நாலு பேர் முன்னால் 'இல்லை' என்று யார் சொல்வார்? பை இல்லாதவர்கள் பை வாங்கினார்கள். கடற்கரையில் கூழாங்கல் குறைந்தது. முழங்கால்களை ஒட்டிவைத்துச் சின்னச் சின்ன அடியாக எடுத்து வைப்பதற்குச் செல்வந்தர் நடை என்று பெயர் வந்தது. மிளகு வணிகர்கள் வீட்டில் அதைச் சொல்லிக்கொடுக்க ஆள் வைத்தார்கள்.

உர்சோவும் அப்படியே நடந்தான். இடுப்பில் ஏதோ கலகலத்தது.

"நேத்து எங்கிட்டதானேடா ரொட்டி கேட்டே?" என்றாள் விபியா.

"அது நேத்து, அக்கா."

ஓட்டுப் போட நாலு நாள் இருக்கும்போது கொசீனியுஸ் வந்தார். விபியா அவருடைய அங்கியைத் தூக்கிக் காட்டினாள்.

"என்னம்மா இது, மீன் வலை மாதிரி அழுக்கா இருக்கு?"

"சாடியில ஒரு சொட்டு இல்லீங்க. எதை வச்சு வெளுக்கறது?"

அவர் காவலன் பக்கம் திரும்பினார். "ஏம்ப்பா, பையில காசில்லாத ஏழை ஒருத்தன்கூடவா இந்த ஊர்ல இல்ல?"

"நீங்க பொறுப்புக்கு வந்தப்புறம் ஒருத்தனும் இல்லீங்க."

கொசீனியுஸின் முகம் மலர்ந்தது. இதைச் சுவர்களில் எழுதச் சொல்லுங்கள் என்று உடன் வந்தவரிடம் சொன்னார். பிறகு அங்கியைப் பார்த்தார். "சரி, அவசரமா ஒரு ஏழை வேணும்" என்றார்.

கூட்டம் கூடியது. தான் ஏழை என்று ஒப்புக்கொள்கிறவருக்கு ஒரு வெள்ளிக் காசு வெகுமதி என்று அறிவித்தார். உர்சோ முன்னால் வந்து பையைக் கவிழ்த்தான். கூழாங்கற்கள் உருண்டன. யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் அவரவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள். கொசீனியுஸ் தன் பைக்குள் வெகுநேரம் துழாவி, ஒரு காசை எடுத்துக் கொடுத்தார்.

உர்சோ சாடியை நோக்கிப் போனான். சபியோ ஈட்டியைக் குறுக்கே நீட்டினான்.

"முகம் உண்டா?"

"இப்பத்தானே கொடுத்தாரு, நீயும்தானே பார்த்தே."

"அப்ப ஒதுங்கு. இல்ல, யார்கிட்டயாவது கொடுத்துட்டு வா."

உர்சோ கூட்டத்தை ஒருமுறை பார்த்தான். காசை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒதுங்கினான்.

"ஐயா, நீங்களே தொடங்கி வைக்கலாமே" என்றாள் விபியா. "உங்களுக்கு அங்கி வெளுக்கணும், எனக்குத் தொட்டி மிஞ்சணும்."

"என் பையில எத்தனை முகம் இருக்கு தெரியுமாம்மா?" கொசீனியுஸ் இடுப்பைத் தட்டினார். கலகலத்தது.

சபியோ அந்தச் சத்தத்தைக் கவனமாகக் கேட்டான். விடிந்ததிலிருந்து அங்கேயே நிற்கிறவன். கால் மாற்றிக் கால் நின்றான்.

"ஐயா, இங்க நிக்க ஆரம்பிச்சதுல இருந்து எனக்குச் சம்பளம் வரல."

"தேர்தல் முடியட்டும்ப்பா."

"அதுக்குச் சொல்லலீங்க. சம்பளம் வரலைன்னா என் பையிலயும் முகம் இல்ல. இப்பத்தான் அது உறைச்சுது."

ஈட்டியைச் சுவரில் சாய்த்தான். பையைக் கவிழ்த்தான். கூழாங்கற்கள். சாடிக்குப் போனான், வெகுநேரம் நின்றான்.

சாடியில் விழும் சத்தம் கேட்கக் கேட்கக் கூட்டத்தில் செல்வந்தர் நடை நடுங்கத் தொடங்கியது. மீன்சாறு விற்கிறவரின் பை தரையில் கவிழ்ந்தது. அடுத்து ஒரு மிளகு வணிகருடையது. பிறகு யாருடையது என்று பார்க்க நேரமில்லை, தெருவெல்லாம் கல். கொசீனியுஸ் வரிசையைப் பார்த்தார், அங்கியைப் பார்த்தார், பையின் கயிற்றை அவிழ்த்தார். அவருடைய கற்கள் மற்றவர்களுடையதைவிடக் கொஞ்சம் பெரியவை. போய் வரிசையின் கடைசியில் நின்றார்.

உர்சோ மட்டும் காசோடு முழங்கால்களை ஒட்டிவைத்துக்கொண்டு சுவரோரம் நின்றான்.

விபியா உள்ளே போய் இன்னொரு சாடியைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தாள்.