கென்ட் நகர விடுதியில் நான் கண்ட குறைகள்

அன்பு மகள் பிப்பாவுக்கு,

ஹாலிஃபாக்சிலிருந்து அப்பா எழுதுவது. உன் உடல்நலமும் புது வேலையும் பிரிஸ்டல் நகரத்துத் தட்பவெப்பமும் சீராக இருக்கும் என்று நம்புகிறேன். நானும் அம்மாவும் இங்கே நலம் என்றுதான் வழக்கப்படி அடுத்த வரி வர வேண்டும். அதில் பாதிதான் உண்மை என்பதால் அந்த வரியிலேயே அரை மணி நேரமாக நின்றுகொண்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் கூப்பிட்டபோது அம்மா குளிக்கிறாள் என்றேன். செவ்வாய்க்கிழமை கூப்பிட்டபோது பக்கத்து வீட்டு டோரீனோடு செடி வாங்கப் போயிருக்கிறாள் என்றேன். டோரீனிடமோ, அம்மா உன்னைப் பார்க்க பிரிஸ்டல் போயிருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறேன். நேற்று டோரீன் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, "லொரேன்கிட்ட பேச பிப்பாவுக்கு நான் ஒரு போன் போடணும், டெரி" என்றாள். அவள் போட்டால் என் பொய் வெளிப்பட்டுவிடும். ஆகவே உண்மையை எழுதிவிடுகிறேன். உன் அம்மா இன்னும் கடலுக்கு அந்தப் பக்கம் கென்ட் நகரில்தான் இருக்கிறாள். அவள் பல் மருத்துவமனை வரவேற்பு வேலையிலிருந்து ஓய்வு பெற்றதற்குப் பரிசாக நீ பதிவு செய்து கொடுத்தாயே, அதே விடுதியில். நான் மட்டும் திரும்பி வந்து ஆறு நாள் ஆகிறது. அவளுடைய கைபேசியைப் போகும்போதே சமையலறை மேசையில் மறந்து வைத்துவிட்டுப் போனாள். அது இப்போது ரொட்டி டப்பாவுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. நீ அதில் கூப்பிட்டுப் பயனில்லை.

எப்படி இது நடந்தது என்று வரிசையாகச் சொல்கிறேன். முதலில் அந்த விடுதிக்குப் பெயர்ப்பலகையே கிடையாது. நாகரிகமான விடுதிகள் இப்போதெல்லாம் அப்படித்தானாம், தேடி வருகிறவன் வரட்டும் என்று ஒரு கறுப்புக் கதவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தத் தெருவில் கறுப்புக் கதவு இரண்டு இருந்தது. நான் ஒன்றின் மணியை அடித்தேன். ஒரு பெரியவர் திறந்தார், மிகவும் மரியாதையாக உள்ளே அழைத்தார், பெட்டிகளை வாங்கி ஓரமாக வைத்தார், காபி கொடுத்தார், கூடவே பிஸ்கட்டும். சாய்வு நாற்காலி, சுவரில் குடும்பப் படங்கள், கணப்பின் பக்கத்தில் ஒரு கிழட்டு நாய். "பரவாயில்லையே லொரேன், வீடு மாதிரியே இருக்கே" என்று நானே மனம் விட்டுச் சொன்னேன். கால் மணி நேரம் கழித்து அம்மா, "எங்க ரூம் மாடியிலயா?" என்று கேட்டாள். பெரியவர் யோசித்துவிட்டு, "மாடியில என் பொண்டாட்டி தூங்கிட்டிருக்கா" என்றார். தெருவில் வழி கேட்டு வந்தவர்கள் என்றுதான் அவர் எங்களை நினைத்திருக்கிறார். இந்தப் பயணத்தில் நான் ஒரு குறையும் காணாத இடம் அது ஒன்றுதான்.

உண்மையான விடுதியில் வரவேற்பு மேசையும் இல்லை. சோபாவில் ஒரு பெண், முப்பத்தைந்து வயதிருக்கும், வெறுங்காலை மடித்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். "நீங்களும் ரூமுக்காகத்தான் காத்திருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவள்தான் சொந்தக்காரி, பெயர் லீஸ்பெத். அறைகளுக்கு எண்ணும் கிடையாது. வானிலையின் பெயர்களை வைத்திருக்கிறார்கள். எங்கள் அறையின் பெயர் தூறல். ஹாலிஃபாக்சில் பிறந்து வளர்ந்தவன் கடல் தாண்டிப் போய்த் தூறலில் தங்குவதா என்று கேட்டேன். அம்மா சிரித்தாள். குளியல் தொட்டி குளியலறையில் இல்லை, பிப்பா. கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில், யாரோ இறக்கிவிட்டு மறந்துபோன மாதிரி நின்றது. அலமாரி இல்லை. சுவரில் வளைந்த இரும்பு ஒன்று இருந்தது, என் மழைக் கோட்டை அதில் மாட்டினேன். சிறிது நேரத்தில் லீஸ்பெத் துண்டு கொண்டு வந்தவள், கோட்டைப் பூப்போல எடுத்து என் கையிலேயே கொடுத்துவிட்டு, அது ஒரு சிற்பியின் கடைசிப் படைப்பு என்றாள். கைதட்டினால் விளக்கு எரியும், மறுபடி தட்டினால் அணையும். எனக்கோ ரயிலிலேயே சளி பிடித்திருந்தது. நான் இருமும்போதெல்லாம் அறை இருண்டு வெளுத்தது.

மறுநாள் மாலை நாலு மணிக்குத் தேநீர்க் கெட்டில் விவகாரம். அறையில் கெட்டில் வைக்காத இடமும் ஒரு விடுதியா? நான் வீட்டிலிருந்தே ஒன்று எடுத்துப் போயிருந்தேன். அதைப் புத்தகத் தட்டின் மேல் வைத்துக் கொதிக்கவிட்டேன். நேர் மேலே புகை உணரும் கருவி இருந்ததை நான் பார்க்கவில்லை. முப்பத்தொரு வருஷம் ஓட்டுநர் தேர்வு அதிகாரியாக இருந்து, கண்ணாடியைப் பார்க்காமல் திரும்பியவர்களை எல்லாம் தோற்கடித்தவன் நான். ஆவி பட்டு விடுதி முழுக்க அலாரம் அலறியது. எல்லாரும் தெருவுக்கு இறங்கினோம். அம்மா அப்போது தொட்டியில் இருந்தாள். ஈரத் தலையோடு வெள்ளை அங்கியில் வாய்க்கால் ஓரம் நின்றாள். நான் வெட்கத்தில் ஒரு மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அவளோ, டென்மார்க்கிலிருந்து வந்திருந்த ஒரு தம்பதியிடம், "அது எங்க வீட்டுக்காரர் போட்ட டீ" என்று சொல்லி, மூன்று பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று அப்போதே கணக்குப் போட்டிருக்க வேண்டும். நான் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து, பதினெட்டாவது குறை என்று எழுதினேன்.

ஆமாம், எழுதிக்கொண்டுதான் இருந்தேன். என் பழக்கம் உனக்குத் தெரியும். சிறு குறை, பெருங்குறை என்று இரண்டு வகை. ஓட்டுநர் தேர்வில் சிறு குறைகள் சில இருந்தாலும் தேறலாம். பெருங்குறை ஒன்று வந்தால் போதும், தோல்விதான். மூன்றாம் நாள் காலை உணவின்போது அந்தக் குறிப்பேட்டை லீஸ்பெத்திடம் கொடுத்தேன். அவர்கள் நன்மைக்குத்தான், சத்தியமாக. அவள் முகம் சுளிக்கவே இல்லை. "ரொம்ப நன்றி. ஒண்ணொண்ணா பாத்துடலாம்" என்று எங்கள் எதிரில் உட்கார்ந்து வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தாள். அம்மா ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"'நாலு. தொட்டி ஜன்னலோரமா இருக்கு.' ஆமா, இருக்கு. 'ஒன்பது. இருமினா விளக்கு அணையுது.' அது கைதட்டினாத்தான் அணையணும், உங்க இருமல் நல்ல பலம் போல. 'பதினாறு. முட்டையைத் தட்டுல வைக்காம மரப்பலகையில வச்சு குடுக்கறாங்க, அது உருளுது.' இது நியாயம்தான், மாத்திடறேன்."

இப்படியே போய்க்கொண்டிருந்தவள் ஓரிடத்தில் நிறுத்திவிட்டுப் பக்கத்தைத் திருப்பினாள். "இது எங்க விடுதியைப் பத்தினது இல்லன்னு நெனைக்கிறேன்."

"படிங்க" என்றாள் அம்மா.

லீஸ்பெத் என்னைப் பார்த்தாள். நான் எதை எழுதியிருந்தேன் என்பது எனக்கே அந்த நிமிஷம்தான் நினைவுக்கு வந்தது. அவள் மெதுவாகப் படித்தாள்: "'இருபத்திரண்டு. லொரேன் தொட்டியில் படுத்துக்கொண்டு பாடுகிறாள். இரண்டு நாளும். காரணம் தெரியவில்லை. பெருங்குறை.'"

நீண்ட மேசை அது, பிப்பா. எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற மேசை. டென்மார்க் தம்பதி தேன் ஜாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா அழவில்லை, கத்தவில்லை. ரொட்டியை வைத்துவிட்டுக் கத்தியைத் துடைத்தாள்.

"பெருங்குறைன்னா அதுக்கு மேல பேச்சே இல்ல, இல்லையா டெரி? ஃபெயில்."

"அப்படி இல்ல லொரேன். கை பழக்கத்துல எழுதிட்டேன்."

"முப்பத்தெட்டு வருஷமா பக்கத்து சீட்ல உக்காந்து எனக்கு மார்க் போட்டுட்டே இருக்கே. நான் எப்பவோ லைசென்ஸ் வாங்கிட்டேன்னு நெனச்சிட்டிருந்தேன்."

"சரி, அந்த ஒண்ண மட்டும் அடிச்சிடறேன்."

"வேண்டாம். இருக்கட்டும். நீ நாளைக்கு ரயில் ஏறு. நான் இருக்கேன்."

"எத்தனை நாளைக்கு?"

"தெரியல" என்றாள். காபியைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டு எழுந்து போனாள்.

அன்று பகல் முழுக்க அவள் தனியாக ஊர் சுற்றினாள். நான் அந்தச் சோபாவில் உட்கார்ந்திருந்தேன். வாய்விட்டுத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மறுநாள் ரயில் நிலையத்துக்குக் கூடவே வந்து, எனக்கு வழியில் சாப்பிட பாலாடைக்கட்டி ரொட்டி வாங்கி, கடுகு தடவ வேண்டாம் என்று கடைக்காரனிடம் இரண்டு முறை சொல்லி, என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அதைத்தான் தாங்க முடியவில்லை. லண்டன் வரை மடியில் வைத்திருந்தேன், பிரிக்கவில்லை.

உனக்கு ஒன்று தெரியாது. உன் அம்மா கல்யாணத்துக்கு முன்னால் தேவாலயப் பாடகர் குழுவில் இருந்தாள். நான் அவளை முதலில் பார்த்ததே அங்கேதான், இரண்டாவது வரிசையில், இடப்பக்கம். கல்யாணமான வருஷம் கோடையில் விட்பிக் கடற்கரைக்குக் காரில் போனோம். ஜன்னலைத் திறந்துவிட்டுப் பாடிக்கொண்டே வந்தாள். நான், "கொஞ்சம் நிறுத்தேன், ரவுண்டானா வருது" என்றேன். நிறுத்தினாள். ரவுண்டானாவைக் கடந்த பிறகு, இனிப் பாடு என்று சொல்ல மறந்துவிட்டேன். வேறொன்றும் நான் செய்யவில்லை. ஆறு நாளாக யோசித்துப் பார்க்கிறேன், அது ஒன்றுதான். அதற்கப்புறம் நீ பிறந்தபோதுகூட அவள் பாடி உன்னைத் தூங்க வைத்ததாக எனக்கு நினைவில்லை. ஒருவேளை நான் வேலைக்குப் போன பிறகு பாடினாளோ என்னவோ. உனக்கு ஏதாவது ஞாபகம் இருந்தால் எழுது. இருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

வீடு ஒழுங்காக இருக்கிறது. தட்டுகள் தட்டுகளாகவும் விளக்குகள் சுவிட்சோடும் இருக்கின்றன. டீ எத்தனை வேண்டுமானாலும் போடலாம். போட்டுப் போட்டு ஆறவைத்துக் கொட்டுகிறேன். ஆகவே உன்னிடம் கெஞ்சிக் கேட்கிறேன்: அந்த விடுதிக்குப் போன் செய்து அம்மாவிடம் பேசு. நான் சொல்லிப் பேசுவதாகத் தெரிய வேண்டாம். எப்படியாவது அவளை வீட்டுக்கு வரச் சொல். இனி அந்த மாதிரி இடங்களுக்கு நாங்கள் போகவே வேண்டாம், அவளையும் சங்கடப்படுத்த மாட்டேன். டோரீன் கூப்பிட்டால் அம்மா தூங்குகிறாள் என்று சொல்.

உனக்கு நீண்ட ஆயுளும், நல்ல தூக்கமும், உன் கோட்டை எங்கே மாட்டினாலும் கோபிக்காத மனிதர்களும் வாய்க்க வேண்டும் என்று மனதார வாழ்த்தும்,

உன் அப்பா,
டெரன்ஸ் ஆக்ராய்ட்

பின்குறிப்பு: உறையை ஒட்டிய பிறகு கிழித்து இதை எழுதுகிறேன். அம்மா இப்போதுதான் விடுதியிலிருந்து கூப்பிட்டாள். "நாளைக்குக் கெளம்பி வரேன், டெரி" என்றாள். இத்தனை பக்கம் எதற்காக எழுதினேனோ அது தானாகவே நடந்துவிட்டது. நான், "வராதே" என்றேன். எனக்கே தூக்கிவாரிப் போட்டது. "ஏன்?" என்றாள். "நான் அங்க வரேன்" என்றேன். "இங்க எதுக்கு? உனக்குத்தான் ஒண்ணுமே பிடிக்கலியே" என்றாள். "இங்க ஒரு குறையும் இல்ல லொரேன். இருக்க முடியல" என்றேன். அப்புறம், "நாளைக்கு ரெண்டு மணி வண்டியில வந்தா சாப்பாட்டுக்குக் காத்திருப்பேன். லேட்டானா சாப்பிட்டுடுவேன்" என்று வைத்துவிட்டாள். இன்றே லண்டன் போய்ச் சேர்ந்தால்தான் அந்த வண்டியைப் பிடிக்க முடியும். ஆகவே நீ அம்மாவிடம் ஒன்றும் பேச வேண்டாம். மேலே எழுதியதையெல்லாம் படிக்காமல் கிழித்துப் போட்டுவிடு. இந்த வரிக்கு வருவதற்குள் நீ எல்லாவற்றையும் படித்திருப்பாய் என்பது இப்போதுதான் உறைக்கிறது. வேறு கடிதம் எழுத நேரமில்லை, வாசலில் டாக்சிக்காரன் ஹாரன் அடிக்கிறான்.