பற்காரைக் காவலர்

பற்காரைக் காவலர் என்றோர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். காலையில் பல் துலக்குவார். இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அவருடைய பிரஷ் முன்பற்கள் நான்கையும் நலம் விசாரித்துவிட்டு உடனே வெளியே வந்துவிடும். உட்புறம் போகாது. போனால், அங்கே பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே மஞ்சளும் பழுப்புமாக இறுகிக் கிடக்கும் காரை பெயர்ந்துவிடுமாம். பெயர்ந்தால் பல் விழுந்துவிடுமாம். “காரைன்னு ஏன் பேரு வெச்சாங்க? சுவத்துல பூசறது லா அது! பூச்சப் பேத்தா சுவரு நிக்குமா?” என்று கேட்பார். கேட்டுவிட்டு வாயைத் திறந்து சிரிப்பார். நாம் சற்றுத் தள்ளி உட்காருவோம்.

எங்கள் தம்பின் நகர வட்டாரத்தில் இந்த இனத்துக்குத் தலைவர் ஹேமநாதன். வயது ஐம்பத்தெட்டு. தோட்டத்திலிருந்து ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவர். முப்பது வருட வெற்றிலையும் தேத்தண்ணியும் அவர் பற்களின் பின்புறம் அடுக்கடுக்காகப் படிந்திருந்தன. நாலு எட்டு நடந்தாலே மூச்சு இரைக்கிறது என்று பெரிய மருத்துவமனைக்குப் போனார். இதயத்தில் ஒரு வால்வு கெட்டுவிட்டது, நெஞ்சைத் திறந்து செயற்கை வால்வு வைக்க வேண்டும் என்றார்கள். ஹேமநாதன் அசரவில்லை. “செய்ங்க டாக்டர்” என்றார். அதற்கு முன்னால் பல் டாக்டரிடம் போய் வாயைச் சுத்தம் செய்து, கடிதம் வாங்கி வர வேண்டும் என்றார்கள்.

நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

நெஞ்சைத் திறக்கலாம். காரையைத் தொடலாமா?

மூன்று வாரம் ஒத்திப் போட்டார். தேத்தண்ணிக் கடையில் ஆலோசனை நடந்தது. அவருடைய பிரதான சீடர் சுகுமாறன், “இருதயம் நெஞ்சுல இருக்கு, பல்லு வாயில இருக்கு. ரெண்டுக்கும் என்னா லா சம்பந்தம்?” என்று கேட்க, கடையே தலையாட்டியது. இதற்குள் லோரிப் படியில் கால் வைத்தாலே ஹேமநாதனுக்குக் கண் இருட்டியது. மனைவி மோகனா ஒரு காலையில் வழிமறித்துக் கேட்டார்: “காரை முக்கியமா, நான் முக்கியமா?”

ஹேமநாதன் யோசித்தார். அந்த யோசனை கொஞ்சம் நீண்டுவிட்டது. அதன் பிறகு கிளினிக் போவதைத் தவிர அவருக்கு வேறு வழி இருக்கவில்லை.

பல் டாக்டர் ரோகினி சின்ன வயதுக்காரர். கண்ணாடியை வாய்க்குள் விட்டவர் விளக்கை இன்னும் கிட்டே இழுத்தார்.

“அங்கிள், கிருமிங்க இங்க வரிசையா வீடு வெச்சு தாமான் கட்டிக் குடியிருக்கு. அதுங்களே பசை சொரந்து, ஒட்டிக்கிட்டு, கூரையும் போட்டிருக்கு. ஈறு வழியா ரத்தத்துல எறங்கி, புது வால்வுல போயி இன்னொரு தாமான் கட்டிரும்.”

“மாத்திர குடுத்து வெரட்டுங்க லா.”

“மாத்திர கூரைய தாண்டி உள்ள போவாது. சொரண்டித்தான் எடுக்கணும். வால்வுல கட்டிட்டா இப்படி சொரண்ட முடியாது அங்கிள். உசுருக்கே ஆபத்து.”

ஹேமநாதன் கண்ணை மூடி வாயைத் திறந்தார். மோகனா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இயந்திரம் கீச்சிட்டது, தண்ணீர் தெறித்தது, ஈறு கசிந்தது. திடீரென்று கீழ்த்தாடையில் ‘டக்’ என்றது. ஹேமநாதன் துள்ளி எழுந்து உள்ளங்கையில் துப்பினார். பல் அளவு. பல் வடிவம். அவர் கண்களில் துக்கமும் வெற்றியும் சேர்ந்து தளும்பின.

“விழுந்திருச்சி! நான் சொன்னனா இல்லியா?”

ரோகினி கண்ணாடியை நீட்டினார். “எண்ணிப் பாருங்க அங்கிள். நீங்க வரும்போது இருபத்தாறு.”

எண்ணினார். இருபத்தாறு. மறுபடி எண்ணினார். மோகனாவை எண்ணச் சொன்னார். அவர் எண்ணியபோதும் இருபத்தாறுதான்.

“அப்ப இது?”

“காரை.”

இத்தனை வருடம் அவர் கட்டிக் காத்த அந்த ஒன்றுக்கு வேரே இல்லை!

பல் எதுவும் வழியில் உதிர்ந்துவிடாதபடி தாடையைத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, மோகனாவின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வீடு திரும்பினார். புதிதாகத் திறந்த சந்துகளில் காற்று புகுந்து விளையாடியது. ஒரு வாரத்துக்கு, ‘சுகுமாறா’ என்று அவர் கூப்பிட்டால் சீழ்க்கைதான் வந்தது. சுகுமாறனோடு இரண்டு நாய்களும் ஓடி வந்தன.

கடிதம் கிடைத்தது. வால்வும் வைத்தார்கள். கண் விழித்ததும் மோகனாவைப் பார்த்து, “காரை போச்சி. நான் இருக்கேன்” என்றார். மோகனா முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். ஆறு மாதமாகிறது, வால்வில் கிருமி குடியேறினால் வரும் காய்ச்சல் ஒன்றும் இல்லை.

அதனால் இனம் அழிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். தலைமைப் பதவி சுகுமாறனுக்குப் போயிருக்கிறது. “அவரு பல்லு கெட்டி, தாங்கிருச்சி. எல்லாருக்கும் தாங்குமா லா?” என்கிறார்.

நீங்கள் அந்தக் கட்சி இல்லை, எனக்குத் தெரியும். எதற்கும் நாக்கு நுனியைக் கீழ்வரிசை முன்பற்களின் பின்னால் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். சொரசொரவென்று ஏதாவது தட்டுகிறதா? ‘எனக்குப் பிறவியிலேயே அப்படித்தான்’ என்று மனசுக்குள் இப்போது சொன்னீர்களே, அது இங்கே வரைக்கும் கேட்டது.