நான் பிள்ளை பிடித்த கதை

கூட்டத்தோடு விவாதம் செய்து ஜெயித்துவிடலாம் என்று நம்புகிறவனுக்குப் பல் முழுதாக இருக்கிறது என்று அர்த்தம். எனக்கு ஒன்று குறைவு.

அந்த வாரம் செஞ்சியில் எல்லார் போனிலும் ஒரே ஆடியோ. பிள்ளை பிடிக்கிற கும்பல் ஊருக்குள் வந்திருக்கிறதாம். எங்கள் தெரு குரூப்பில் நான் மட்டும், "இதற்கு ஆதாரம் என்ன? பொறுப்போடு பேசுவோம்" என்று பத்தி பத்தியாக எழுதினேன். (அப்போது எனக்குள் ஒரு நீதிபதி குடியிருந்தார்.) அட்மின் என்னை குரூப்பிலிருந்தே தூக்கிவிட்டார்.

அமாவாசைக்கு மேல்மலையனூர் கோயிலுக்குப் போய்விட்டு செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கினோம். மனைவி சுமதி வாழைப்பழம் வாங்கப் போனாள். மகள் யாழினிக்கு அப்போது நாலு வயது. ஐஸ் கேட்டாள். சளி பிடித்திருந்ததால் மறுத்தேன். தரையில் புரண்டு அழுதவளைத் தோளில் போட்டுக்கொண்டு வேகமாக நடந்தேன். பிள்ளை பிடிக்கிறவனும் அப்படித்தான் நடப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஒருவர் மறித்தார். "யாரு கொழந்த இது?"

"என் பொண்ணுங்க."

அவர் என் தோளில் கிடந்தவளிடமே கேட்டார். "இவுரு யாரு பாப்பா?"

யாழினி என்னைப் பார்த்தாள். ஐஸ் வண்டியைப் பார்த்தாள். "தெரியாது" என்றாள்.

கூட்டம் கூடிவிட்டது. யாரோ ஒருத்தி யாழினியைப் பிடுங்கிக்கொண்டாள். போன்கள் உயர்ந்தன. நான் கையெடுத்துக் கும்பிட்டிருக்கலாம், அழுதிருக்கலாம். தொண்டையைச் செருமிக்கொண்டு, "நண்பர்களே, ஆதாரம் இல்லாமல் ஒருவரை..." என்று தொடங்கினேன். பல் அந்த இடத்தில்தான் போனது.

விழுந்தபின் முகங்கள் தெரியவில்லை, செருப்புகள்தான் தெரிந்தன. "ரேஷன் கடையாண்டகூட இவன பாத்தன்" என்றது ஒரு குரல். (பார்த்திருப்பார். பருப்புக்காக நின்றிருந்தேன்.) யாழினி "நைனா, நைனா" என்று அலறியது எனக்குக் கேட்டது. அடித்தவர்களுக்குக் கேட்கவில்லை. செத்துவிடுவேன் என்று நினைத்தேன்.

அதற்குள் வீடியோ என்னை நீக்கிய குரூப்புக்கே போய்விட்டது. "இவன் யாரு, தெரியுமா?" என்று கேட்டிருந்தார்கள். என் மச்சான் பதறிப்போய், "ஐயோ, அவரேதான்" என்று போட்டான். அதையே சாட்சியாக வைத்து, "வுடாதீங்க" என்று ஆளாளுக்கு எழுதினார்கள்.

எவனோ பிள்ளை பிடிக்கிறவன் மாட்டிக்கொண்டான் என்று கேட்டு, கையில் செருப்போடு கூட்டத்தைப் பிளந்து வந்தாள் சுமதி. ஓங்கியும்விட்டாள். அப்புறம்தான் சட்டையை அடையாளம் கண்டாள்.

"ஐயோ, இது எங்க வூட்டுக்காரரு."

குழந்தையை அவள் கையில் கொடுத்துவிட்டு எல்லாரும் கலைந்தார்கள். மன்னிப்புக் கேட்க ஒருவரும் நிற்கவில்லை.

ஆஸ்பத்திரியில் தையல் போட்ட கையோடு அட்மினுக்குப் போன் செய்தேன். "அது நான்தான், தப்பான சேதின்னு குரூப்புல ஒரு வார்த்த போடுங்க."

"போட்டா மறுபடியும் வாக்குவாதம் ஆவும் சார். இப்பதான் அமைதியா இருக்குது."

வருடங்கள் ஆகியும் வீடியோ நிற்கவில்லை. போன மாதம் ஆரணியிலிருக்கும் என் சித்தப்பா அதை எனக்கே அனுப்பியிருந்தார்: "உங்க ஊரு பக்கம் இவன் சுத்தறானாம். யாழினிய தனியா வுடாத."

சுமதி எட்டிப் பார்த்து, "உங்க படம் இன்னும் ஓடுதே" என்றாள். வீட்டில் எல்லாரும் வழக்கம்போலச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "அது நான்தான்" என்று எழுதினேன். பிறகு அதை அழித்துவிட்டு, "சரி சித்தப்பா" என்று அனுப்பினேன்.